கண்ணைத் திறந்து காட்டில் விடும் விளையாட்டு: ஓரியன்டீரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு இலண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில் எங்கள் ஓரியன்டீரிங் கிளப் கூடும் ஞாயிற்றுக்கிழமைகளில், புதிதாக வருபவர்களுக்கென்று ஒரு மடக்கு மேசை போடுவார்கள். சில ஆண்டுகளாக அந்த மேசை என் பொறுப்பில் இருக்கிறது. வருகிறவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆனால் வர ஆசைப்பட்டு, என்னிடம் விசாரித்துவிட்டு, ஏதோ ஒரு தயக்கத்தில் நின்றுவிடுகிறவர்கள் அதைவிட அதிகம். அவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் சொல்வது பிரிட்டனின் நடைமுறை. வேறு நாடுகளில் பாதைகளின் நிறங்களும் பெயர்களும் மாறும், ஆட்டம் ஒன்றுதான்.

ஓரியன்டீரிங் என்றால் என்ன?

கையில் ஒரு வரைபடம் கொடுப்பார்கள். அதில் ஊதா நிறத்தில் ஒரு முக்கோணம், எண்ணிட்ட சில வட்டங்கள், கடைசியில் ஓர் இரட்டை வட்டம். முக்கோணம் புறப்படும் இடம், இரட்டை வட்டம் முடியும் இடம். இடையிலுள்ள ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் நிலத்தில் குறிப்பிட்ட ஏதோ ஒன்று இருக்கும்: பாதைகள் பிரியும் முனை, சிறு பள்ளம், ஓடையின் வளைவு, வேரோடு சாய்ந்த மரம். அங்கே முப்பது சென்டிமீட்டர் சதுரத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு துணிக்கொடி தொங்கும். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். எண் வரிசைப்படி எல்லாக் கண்ட்ரோல்களுக்கும் போய்விட்டு முடிவிடத்துக்கு வந்து சேர வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எந்த வழியாகப் போவது என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். அதை நீங்களே முடிவுசெய்வதுதான் ஆட்டம்.

ஒன்றும் புரியாத நிலையைக் 'கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல' என்று சொல்கிறோம் அல்லவா? இங்கே கண்ணைத் திறந்து, கையில் காட்டின் வரைபடத்தையும் கொடுத்து விடுகிறார்கள். இந்த வித்தியாசம் முதல் அரை மணி நேரத்தில் பலருக்குத் தெரிவதில்லை. பிறகு ஏதோ ஒரு கண்ட்ரோலில் தெரிந்துவிடும்.

இது எங்கிருந்து வந்தது?

ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து. பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897 அக்டோபரில், இன்றைய ஆஸ்லோவுக்கு அருகே நடந்தது. அதை மக்கள் விளையாட்டாக்கியவர் சுவீடனின் மேஜர் எர்ன்ஸ்ட் கில்லாண்டர். இளைஞர்களை மைதானத்திலிருந்து காட்டுக்குள் இழுக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். 1919இல் ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே அவர் நடத்திய போட்டியில் இருநூறுக்கு மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். உலகக் கூட்டமைப்பு 1961இல் உருவானது.

பிரிட்டனில் இதை வேரூன்றச் செய்தவர்களில் இரண்டு பேர் இலண்டன்வாசிகள் அறிந்திருக்க வேண்டியவர்கள். கிறிஸ் பிரேஷர் 1956 ஒலிம்பிக்கில் மூவாயிரம் மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் தங்கம் வென்றவர். ஜான் டிஸ்லி அதே பந்தயத்தில் 1952இல் வெண்கலம் வென்றவர். 1981இல் இலண்டன் மாரத்தானைத் தொடங்கிய இதே இருவர், அதற்கு வெகுகாலம் முன்பே சர்ரே குன்றுகளில் வரைபடத்தோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் ஈஸ்டருக்கும் இங்கே நடக்கும் பெரிய ஓரியன்டீரிங் விழாவுக்கு 'ஜே.கே.' என்று பெயர். இந்த விளையாட்டைப் பிரிட்டனில் வளர்க்க வந்து, 1967இல் சாலை விபத்தில் இளம் வயதிலேயே இறந்துபோன யான் ஷெல்ஸ்ட்ரோம் என்ற சுவீடன் இளைஞரின் நினைவாக வைத்த பெயர் அது.

எனக்கு ஓட வராது. நான் வரலாமா?

தாராளமாக வரலாம், நடக்கலாம். புதிதாக வருபவர்களிடம் முதல் மூன்று முறையாவது நடக்கும்படி நானே கேட்டுக்கொள்கிறேன். ஓட்டப் பயிற்சி உள்ளவர்கள்தான் முதல் நாளில் அதிகம் திணறுகிறார்கள். வரைபடத்தைப் பார்ப்பதற்குள் கால் இருநூறு மீட்டர் போய்விடுகிறது, போனது எந்தத் திசை என்று தெரிவதில்லை. நிதானமாக நடப்பவர் பத்து நிமிடம் முன்னதாக வந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

வயதும் தடையில்லை. பெரிய போட்டிகளில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் பிரிவு உண்டு, எண்பதைத் தாண்டியவர்களுக்கும் உண்டு. எழுபத்தைந்து வயதில் ஒருவர் முட்டியில் சேற்றோடு வந்து, ஏழாவது கண்ட்ரோலில் தான் செய்த பிழையைக் கண் விரிய விவரிப்பதைக் கேட்டிருக்கிறேன். வேறு எந்த விளையாட்டில் இது கிடைக்கும்?

வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு என்கிறார்களே, அவை என்ன?

ஒரே காட்டில் ஒரே நாளில் பல பாதைகள் அமைப்பார்கள். கடினத்தைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். வெள்ளை மிக எளிது. பாதையை விட்டு இறங்கவே வேண்டாம். வழி பிரியும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கண்ட்ரோல் இருக்கும். ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டர். ஆறேழு வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்து அமைப்பது.

மஞ்சளில் பாதை, ஓடை, வேலி, மதில் போன்ற நீளமான அடையாளங்களைப் பிடித்துக்கொண்டே போகலாம். ஆனால் எந்தச் சந்தியில் திரும்புவது என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும், ஏனென்றால் எல்லாச் சந்தியிலும் கொடி இருக்காது. ஆரஞ்சுக்குப் போனால் தேர்வுகள் வரும்: பாதையில் சுற்றிப் போவதா, மரங்களுக்கிடையே குறுக்கே வெட்டுவதா? அதற்கு மேல் வெளிர்பச்சை. பிறகு பச்சை, நீலம், பழுப்பு, கறுப்பு. இந்த நான்கிலும் கடினம் ஒன்றுதான், நீளம் மட்டும் கூடிக்கொண்டே போகும்.

பெரியவர்கள் முதல் முறை மஞ்சளை எடுங்கள். "எம்.எஸ்சி. படித்திருக்கிறேன், இந்த இரண்டு கிலோமீட்டர் எனக்கு எதற்கு?" என்று ஆரஞ்சைக் கேட்டு வாங்கிப் போனவர்களைத் திரும்பி வரும்போது பார்த்திருக்கிறேன். முகம் வாடியிருக்கும், மறுமுறை வருவதில்லை. மஞ்சளை முடித்துவிட்டு அன்றே ஆரஞ்சும் போக ஆசைப்பட்டால் இன்னொரு வரைபடம் தருவோம். பட்டியலில் எழுதியிருக்கும் தூரம் கண்ட்ரோலுக்குக் கண்ட்ரோல் நேர்கோட்டில் அளந்தது, நீங்கள் நடக்கப்போவது அதைவிடக் கூடுதல் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வரைபடம் படிக்கவே தெரியாதே?

நான் நீளமாகப் பதில் சொல்ல விரும்பும் கேள்வி இதுதான். நம்மில் பெரும்பாலோர் வரைபடம் பார்த்து வழி கண்டுபிடித்து வளர்ந்தவர்கள் இல்லை. ஊரில் வழி தெரியாவிட்டால் தேநீர்க்கடையில் வண்டியை நிறுத்திக் கேட்போம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். இங்கே வந்த பிறகு கைப்பேசி சொல்லும் இடத்தில் திரும்புகிறோம். ஆகவே தெரியாது என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ள வேண்டியதும் முதல் நாளுக்கு மூன்றே விஷயங்கள்.

முதலாவது நிறங்கள். பழகிய வரைபடங்களில் பச்சை என்றால் காடு. ஓரியன்டீரிங் வரைபடத்தில் வெள்ளைதான் காடு! தடையில்லாமல் ஓடிப்போகக்கூடிய மரக்காட்டுக்கு வெள்ளை. பச்சை ஏற ஏறப் புதர் அடர்த்தி ஏறும். கரும்பச்சைக்குள் நுழைந்தால் முள்ளோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். மஞ்சள் திறந்தவெளி. நீலம் நீர். கறுப்பு பாதைகளும் பாறைகளும் மனிதர் கட்டியவையும். பழுப்பு நிலத்தின் மேடுபள்ளம், அதாவது பள்ளிப் புவியியலில் படித்த சம உயரக் கோடுகள். ஒலிவப் பச்சை தனியார் நிலம், அதில் கால் வைக்கக்கூடாது. நான் முதல் முறை வந்தபோது வெள்ளையை 'ஒன்றும் இல்லாத வெட்டவெளி' என்று நினைத்துக்கொண்டேன். எதிரே பீச் மரங்கள் கோபுரம் போல நிற்க, வரைபடம் தவறு என்று என் மகளிடம் சொன்னேன்.

இரண்டாவது அளவு. காட்டு வரைபடங்கள் பெரும்பாலும் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் என்றால் நூறு மீட்டர். உங்கள் கட்டைவிரல் நகத்தின் அகலம் நிலத்தில் ஒன்றரை நிமிட நடை. இந்த உணர்வு வந்துவிட்டால் பாதிப் பிழைகள் போய்விடும். புதியவர்கள் அடுத்த திருப்பத்தை எதிர்பார்த்து மிகத் தூரம் போய்விடுகிறார்கள், அல்லது முதலில் கண்ட திருப்பத்திலேயே திரும்பிவிடுகிறார்கள்.

மூன்றாவதுதான் உயிர்நாடி: வரைபடத்தை நிலத்தோடு பொருத்திப் பிடிப்பது. எழுத்துகள் நேராகத் தெரியும்படி செய்தித்தாளைப் போல வரைபடத்தைப் பிடிப்பது நம் கையின் பழக்கம். தெற்கே போகும்போது அப்படிப் பிடித்தால் வரைபடத்தில் இடப்பக்கம் தெரியும் பாதை நிலத்தில் வலப்பக்கம் இருக்கும். என் முதல் மஞ்சள் பாதையில் மூன்றாவது கண்ட்ரோலுக்குப் போகும்போது அதுதான் நடந்தது. பத்து நிமிடம் நடந்த பிறகு மரங்களுக்கு அப்பால் கார்கள் ஓடும் சத்தம் கேட்டது. நாங்கள் போயிருக்க வேண்டிய இடத்தில் சாலையே கிடையாது. நான் பதற்றத்தோடு வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயது மகள் விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்து, வரைபடத்தை அடிமரத்தின் மேல் விரித்தாள். அதன் ஓரத்தில் வரைந்திருந்த சாலைக் கோடு எதிரே ஓடும் சாலைக்கு இணையாக வரும்வரை, கடிகார முள் போல மெல்லத் திருப்பினாள். "அப்பா, இப்போது பாருங்கள், நமது பாதை அந்தப் பக்கம் போகிறது" என்று கையை நீட்டினாள். அவள் காட்டிய பக்கம் முந்நூறு மீட்டர் தள்ளி, ஒரு வாய்க்காலின் வளைவில் கொடி தொங்கியது.

அன்றிலிருந்து நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இதில்தான் தொடங்குகிறேன். நீங்கள் திரும்பும்போதெல்லாம் வரைபடம் கையில் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். எழுத்து தலைகீழாகத் தெரிந்தால் கவலை இல்லை. முன்னால் உள்ளது வரைபடத்திலும் முன்னால் இருக்கட்டும். அதோடு, வரைபடத்தைச் சிறியதாக மடித்து, நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சந்தியையும் தாண்டும்போது விரலையும் நகர்த்துங்கள். அனுபவசாலிகள் ஓடும்போது அவர்கள் கையைக் கவனியுங்கள். விரல் வரைபடத்தை விட்டு எழாது.

முதல் நாள் எப்படி நடக்கும்?

வாகனம் நிறுத்துமிடத்துக்கு அருகே பதிவு மேசை இருக்கும். பெயரும், எந்தப் பாதை என்பதும், அவசரத்துக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும் கொடுப்பீர்கள். விரலில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் குச்சி தருவார்கள். இங்கே அதை டிப்பர் என்கிறார்கள். உள்ளே ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. ஒவ்வொரு கண்ட்ரோலிலும் உள்ள சிறு பெட்டியின் துளையில் அதை நுழைத்தால் 'பீப்' என்று ஒலித்து ஒரு விளக்கு மின்னும். நீங்கள் வந்த நேரம் பதிவாகிவிடும்.

புறப்படும் இடத்தில் முதலில் டிப்பரிலுள்ள பழைய பதிவை அழிக்க ஒரு பெட்டி, அழிந்ததா என்று சரிபார்க்க இன்னொரு பெட்டி. ஒரே பாதையில் போகிறவர்களை ஓரிரு நிமிட இடைவெளி விட்டே அனுப்புவதால் முன்னால் போகிறவரைத் தொடர்ந்து ஓட முடியாது. வரைபடத்தோடு கண்ட்ரோல் பட்டியலும் இருக்கும். அதில் ஒவ்வொரு கண்ட்ரோலுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதே எண் பெட்டியின் மேலும் எழுதியிருக்கும். இந்த எண்கள் 31இலிருந்து தொடங்கும், வரிசை எண்ணோடு குழம்பிவிடக்கூடாது என்பதற்காக. கொடியைக் கண்ட மகிழ்ச்சியில் எண்ணைப் பார்க்காமல் டிப்பரை நுழைத்துவிடாதீர்கள். ஐம்பது மீட்டர் தள்ளி வேறொரு பாதையின் கண்ட்ரோல் இருக்கலாம்.

முடித்த பிறகு நேரே பதிவிறக்க மேசைக்கு வாருங்கள். கண்ட்ரோலுக்குக் கண்ட்ரோல் எத்தனை நிமிடம் எடுத்தீர்கள் என்று ஒரு சீட்டு அச்சாகி வரும். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்கள் வட்டமாக நின்று, "நான்காவதுக்கு எப்படிப் போனீர்கள்?" என்று கேட்டுக்கொள்வதுதான் இந்த விளையாட்டின் இன்னொரு பாதி. உடனே காரில் ஏறிப் போய்விடாதீர்கள்.

வழி தவறிவிட்டால்?

தவறும். எல்லோருக்கும் தவறும், உலகச் சாம்பியன்களுக்கும் தவறும். மீளும் நேரத்தில்தான் வித்தியாசம்.

செய்ய வேண்டிய முதல் காரியம் நிற்பது. கால் நிற்க மறுக்கும். 'இன்னும் கொஞ்சம் போனால் தெரிந்துவிடும்' என்று மனம் சொல்லும். நில்லுங்கள். வரைபடத்தை நிலத்தோடு பொருத்துங்கள். கடைசியாக எந்த இடத்தில் உறுதியாக இருந்தீர்கள்? அங்கிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நடந்தீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் நீங்கள் இருக்கக்கூடிய பகுதி வரைபடத்தில் ஒரு பொட்டுக்குள் சுருங்கிவிடும். அப்போதும் புரியாவிட்டால் அந்த உறுதியான இடத்துக்கே திரும்பிப் போங்கள். வந்த வழியே திரும்பினால் நேரம் வீணாகும் என்று தோன்றும். பெரும்பாலும் அதுதான் விரைவான வழி.

ஒவ்வொரு கட்டத்துக்கும் புறப்படும் முன்பே 'இதைத் தாண்டினால் அதிகம் வந்துவிட்டேன்' என்று ஓர் எல்லையை வரைபடத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கம் நல்லது. அது ஒரு பெரிய பாதையாகவோ ஓடையாகவோ இருக்கலாம். என் மகளைக் காப்பாற்றிய சாலை அப்படிப்பட்டதுதான். நாங்கள் அதை முன்கூட்டியே பார்த்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

வேறு போட்டியாளரிடம் கேட்கலாமா? போட்டியின் முறைப்படி அவரவர் வழியை அவரவரே காண வேண்டும். ஆனால் உள்ளூர் நிகழ்ச்சியில், வெள்ளையிலும் மஞ்சளிலும் போகும் ஒரு புதியவர் "நான் இப்போது எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டால் முகம் சுளிக்கும் ஓரியன்டீரிங்காரரை நான் கண்டதில்லை. வரைபடத்தில் ஒரு விரலை வைத்துக் காட்டிவிட்டு ஓடுவார்கள்.

பாதியில் விட்டுவிடவும் உங்களுக்கு உரிமை உண்டு. அப்போது ஒரே ஒரு கடமை இருக்கிறது, அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது: முடித்தாலும் முடிக்காவிட்டாலும் பதிவிறக்க மேசையில் வந்து டிப்பரைக் காட்டியே ஆக வேண்டும். நீங்கள் நேரே வீட்டுக்குப் போய்விட்டால் கணினி உங்களை இன்னும் காட்டுக்குள் இருப்பவராகவே காட்டும். பாதை மூடும் நேரம் கடந்ததும் ஆட்கள் தேடக் கிளம்புவார்கள். ஒரு டிசம்பர் மாலை, மழையில், வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரை நாங்கள் ஏழு பேர் இருட்டும்வரை தேடியிருக்கிறோம்.

பிள்ளைகளைத் தனியாக அனுப்ப வேண்டுமா?

வேண்டியதில்லை. முதல் சில முறை கூடவே போங்கள். ஆனால் வரைபடம் பிள்ளையின் கையில் இருக்கட்டும், நீங்கள் இரண்டடி பின்னால் நடங்கள். இதைத்தான் பெற்றோர்களால் தாங்க முடிவதில்லை. பிள்ளை சந்தியில் நின்று யோசிக்கும் பதினைந்து விநாடியில், "இடப்பக்கம் கண்ணா, இடப்பக்கம்" என்று நம் வாய் முந்திக்கொள்கிறது. வாரம் முழுவதும் பள்ளி, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, மாலையில் டியூஷன் என்று எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் அடுத்து என்ன என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் இவர்கள். இந்தச் சந்தியிலாவது அவர்களே முடிவெடுக்கட்டும். தவறான பக்கம் திரும்பினால் இருபது மீட்டர் கூடவே போங்கள். பெரும்பாலும் அவர்களே நின்று, "இல்லை, இது இல்லை" என்பார்கள்.

பிள்ளை தானாகவே "நான் தனியாகப் போகிறேன்" என்று கேட்கும் நாள் வரும். வெள்ளைப் பாதையில் நன்கு பழகிவிட்டது என்றால், விசில் கொடுத்து, பதிவிறக்க மேசை எங்கே என்று காட்டிவிட்டு அனுப்பலாம். மிகச் சிறிய குழந்தைகளுக்குச் சில நிகழ்ச்சிகளில் மரத்துக்கு மரம் நீளமாகக் கயிறு கட்டி, வழியெங்கும் பொம்மைப் படங்கள் மாட்டியிருப்பார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாலே போதும்.

பெண்கள் தனியாகக் காட்டுக்குள் போவது பாதுகாப்பானதா?

நியாயமான கேள்வி. நிகழ்ச்சிகள் பகலில் நடக்கின்றன. காட்டின் அதே பகுதியில் நூறு பேராவது வந்துபோய்க்கொண்டிருப்பார்கள். யார் உள்ளே போனார்கள், யார் வெளியே வந்தார்கள் என்ற கணக்கு இருக்கிறது. என் மனைவியும் எங்கள் கிளப்பின் பெண்கள் பலரும் தனியாகவே போகிறார்கள். அப்படியும் மனம் ஒப்பாவிட்டால் இருவராகச் சேர்ந்து போகலாம். உள்ளூர் நிகழ்ச்சிகளில் அதற்குத் தடையில்லை. மேசையில் சொன்னால் அனுபவமுள்ள ஒரு பெண் உறுப்பினரைக் கூட அனுப்ப முயல்வோம். விசில் எல்லோரிடமும் இருக்க வேண்டும். ஆபத்து என்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதுங்கள், ஒரு நிமிடம் நிறுத்துங்கள், மறுபடி ஊதுங்கள். அந்த ஒலியைக் கேட்ட எவரும் தன் போட்டியை விட்டுவிட்டு உதவிக்கு வர வேண்டும் என்பது விதி.

என்ன உடுத்துவது? உண்ணி கடிக்கும் என்கிறார்களே?

கால் முழுவதும் மூடும் காற்சட்டை, பிடிமானமுள்ள பழைய காலணி, மழைக்கு ஒரு மேலங்கி. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம். நனைந்தால் கனத்துவிடும், காயவும் காயாது. திரும்பும்போது போட்டுக்கொள்ள உலர்ந்த காலுறையும் மாற்றுக் காலணியும் காரில் இருக்கட்டும்.

உண்ணி விஷயம் உண்மைதான். மான்கள் உலவும் இடங்களில், குறிப்பாக வெயில் காலத்தில், புல்லிலும் பெரணியிலும் உண்ணிகள் இருக்கும். சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். வீட்டுக்குப் போனதும் குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், பிள்ளைகளின் தலைமுடி ஓரம் எல்லாவற்றையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மேல்நோக்கி நிதானமாக இழுத்து எடுங்கள். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எல்லாம் வேண்டாம். பிந்திய வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் போலிருந்தாலோ, மருத்துவரிடம் போய் உண்ணிக்கடி என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

திசைகாட்டி வாங்க வேண்டுமா?

வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் அவசியமில்லை, மேசையில் இரவலும் கிடைக்கும். ஆரஞ்சுக்குப் போகும்போது வாங்குங்கள். ஓரியன்டீரிங் வரைபடத்தில் வடக்குக் கோடுகள் காந்த வடக்கை நோக்கியே வரையப்பட்டிருப்பதால், திருத்தக் கணக்கு எதுவும் போட வேண்டியதில்லை. சிவப்பு முள் அந்தக் கோடுகளுக்கு இணையாக வரும்வரை வரைபடத்தைத் திருப்பினால் நிலத்தோடு பொருந்திவிட்டது. கட்டைவிரலில் மாட்டும் வகையை வாங்குவதானால் இடக்கைக்கா வலக்கைக்கா என்று பார்த்து வாங்குங்கள்.

கைப்பேசி வைத்துக்கொள்ளலாமா?

அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பையின் அடியில். அதில் இடம் பார்த்து வழி காண்பது விதிக்குப் புறம்பானது. தவிர, நீல நிறப் புள்ளி நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டால் அங்கே ஆட ஆட்டம் எதுவும் மிச்சமிருக்காது.

செலவு எவ்வளவு?

உள்ளூர் நிகழ்ச்சிகளில் பெரியவர்களுக்குப் பத்துப் பவுண்டை ஒட்டி, பிள்ளைகளுக்குச் சில பவுண்டுகள். டிப்பர் வாடகை தனி, சிறிய தொகை. தொலைத்தால் விலை கொடுக்க வேண்டும், ஆகவே அதன் பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். உறுப்பினராகாமலே கலந்துகொள்ளலாம், கட்டணம் சற்றுக் கூடும்.

கிளப்பில் சேர்ந்தால் என்ன கிடைக்கும்?

கட்டணத் தள்ளுபடியைவிடப் பெரியது, கற்றுத்தரும் ஆட்கள். உங்கள் வரைபடத்தை வாங்கி, நீங்கள் போன வழியைப் பென்சிலால் வரையச் சொல்லி, "இந்த இடத்தில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்பார்கள். இப்படிக் கற்றதுதான் எனக்கு நிலைத்தது.

கொடுக்க வேண்டியதும் உண்டு. எங்கள் கிளப்பில் சம்பளத்துக்கு ஆள் இல்லை. ஒவ்வொரு நிகழ்ச்சியும் உறுப்பினர்களின் உழைப்பு. ஒருவர் பாதைகளைத் திட்டமிடுவார், ஒருவர் ஏற்பாடுகளைப் பார்ப்பார், மூன்றாமவர் கொடிகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று சோதிப்பார். எல்லாவற்றுக்கும் முன்னால், யாரோ ஒருவர் பல வாரங்கள் காட்டை நடந்து அளந்து, ஒவ்வொரு பள்ளத்தையும் பாதையையும் வரைந்திருக்கிறார். நீங்கள் மடித்துப் பிடிக்கும் தாள் அது. பழகிய பிறகு ஆண்டுக்கு ஓரிரு முறை நீங்களும் கொடிகளைச் சேகரிக்கவோ புறப்படும் இடத்தில் நிற்கவோ முன்வந்தால் நிகழ்ச்சிகள் தொடரும். மாலை மங்கும் நேரத்தில், எல்லோரும் போன பிறகு, ஆளில்லாத காட்டில் ஒவ்வொரு கொடியாக அவிழ்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பது எனக்குப் போட்டியைவிடப் பிடித்த வேலை.

எந்தப் பருவத்தில் நடக்கிறது?

தென் இங்கிலாந்தில் காட்டு நிகழ்ச்சிகள் இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை. கோடையில் பெரணி ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிடும், முட்செடிகள் வழியை அடைத்துவிடும். பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலமும் வசந்தத்திலேயே தொடங்கிவிடும். அதனால் கோடை மாலைகளில் பூங்காக்களிலும் தெருக்களிலும் சிறிய போட்டிகள் வைப்போம். 'குளிர் விட்டதும் வருகிறோம்' என்கிறவர்களுக்கு இதனால்தான் காடு கிடைப்பதில்லை. நவம்பரில் வாருங்கள். இலை உதிர்ந்த காட்டில் நூறு மீட்டருக்கு அப்பாலும் கொடி தெரியும், கற்றுக்கொள்ள அதுதான் நல்ல காலம்.

நிகழ்ச்சி இல்லாத வாரங்களில் எப்படிப் பழகுவது?

பல பூங்காக்களில் நிரந்தரக் கண்ட்ரோல் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். வரைபடத்தைப் பதிவிறக்கி எடுத்துக்கொண்டு எந்த நாளிலும் போகலாம். மேப்ரன் என்ற செயலியில் கொடியில்லாமலே பாதைகள் உண்டு. கண்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்தை அடைந்ததும் கைப்பேசி ஒலிக்கும். இரண்டையும்விட எளிய ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவின் வரைபடம் ஒன்றை அச்சிட்டு, பள்ளிக்குப் போகும் வழியில் பிள்ளையின் கையில் கொடுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் தாளையும் திருப்பட்டும். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

சரி, வருகிறோம். என்ன செய்ய வேண்டும்?

பிரிட்டனில் எல்லாப் பகுதிகளிலும் ஏதாவது ஒரு கிளப் இருக்கிறது. பிரிட்டிஷ் ஓரியன்டீரிங் கூட்டமைப்பின் தளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் அருகில் நடக்கும் நிகழ்ச்சிகளின் பட்டியல் வரும். அதில் 'புதியவர்களுக்கு ஏற்றது' என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சில நிகழ்ச்சிகளுக்கு முன்பதிவு வேண்டும், முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். அறிவித்த தொடக்க நேரத்துக்கு அரை மணி முன்னதாக வாருங்கள். கடைசி நிமிடத்தில் வந்தால் சொல்லிக்கொடுக்க அவகாசம் இருக்காது. விசில், தண்ணீர், மாற்றுக் காலணி, சேற்றுத் துணிகளைப் போட ஒரு பை.

எங்கள் எப்பிங் நிகழ்ச்சிக்கு வருவதானால், சாலைச் சந்தியில் ஆரஞ்சும் வெள்ளையுமான அம்புக்குறி தெரியும். அதைத் தொடர்ந்து வந்தால் வாகனம் நிறுத்துமிடம். இடப்பக்கம் தேநீர்க் குடுவைகள் இருக்கும். அதற்கு அடுத்தது என் மேசை. மஞ்சள் பாதையின் பழைய வரைபடம் ஒன்றை அங்கே விரித்து வைத்திருப்பேன். புறப்படும் முன் முதலிரண்டு கண்ட்ரோல்களை உங்களோடு சேர்ந்து விரலால் நடந்து பார்த்துவிடலாம்.